காதுக்கு இரண்டு மூடி

மாரியப்பா நகர், சிதம்பரம்
14.11.2011

திரு. செம்பியன் அவர்களுக்கு,

வெண்மதி எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்க எழுதவில்லை. இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் நலமாக இல்லையென்றால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்.

என் மகள் எழிலுக்கு மாசியில் மூன்று வயது முடிகிறது. மாசி பதினாலு, பிப்ரவரி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. புவனகிரிக்குப் பக்கத்தில் என் புகுந்த வீட்டுக் குலதெய்வமான அய்யனார் கோயிலில் காது குத்து வைத்திருக்கிறார்கள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். இதில் என் விருப்பம் என்று ஒன்றும் இல்லை, பிறப்பு அப்படி அமைந்துவிட்டது.

முதல் வயசில் மொட்டை அடித்தபோது சித்தப்பா மகன் பக்கிரி அண்ணனை உட்கார வைத்தோம். நல்ல மனுஷர். ஆனால் பிள்ளை அவர் மடியில் உதைத்து உதைத்து அழுது, வேட்டியையும் நனைத்துவிட்டது. அத்தை எல்லார் முன்னாலும் சொன்னார்கள்: "சொந்த மாமன் குத்துக்கல்லாட்டம் கடலூர்ல இருக்கான், இங்க ஒண்ணுவிட்ட மடியத் தேட வேண்டியதாப் போச்சு."

அதனால் எழுதுகிறேன். வாருங்கள். ஆனால் அம்மா எனக்கென்று வாங்கி வைத்துவிட்டுப் போன மிக்சி முழுசாக வர வேண்டும். புதுசு வாங்கி வந்து ஏமாற்ற வேண்டாம். இந்த வருஷம் கவர்மெண்டே வீட்டுக்கு ஒரு மிக்சி தருகிறது, மிக்சிக்கு இங்கே பஞ்சமில்லை. அம்மா முந்திரிக்கொட்டை உடைத்து, கை கறுத்து வாங்கின அதே மிக்சி. அதே மோட்டார், அதே ஜாடி, அதே மூடி. பிரித்துப் போட்டது நீங்கள், பூட்டிக் கொண்டு வர வேண்டியதும் நீங்கள். அது இல்லாமல் வந்தால் இந்தத் தடவையும் மடி பக்கிரி அண்ணனுடையதுதான்.

போன் செய்யாதீர்கள். "இனிமே ஒன் குரல என் காதுல வாங்க மாட்டேன்" என்று பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்குச் சபையில் சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
செ. வெண்மதி
(செந்தமிழ்செல்வன் மனைவி)

*

கடலூர் முதுநகர்
21.11.2011

மதி,

"திருமதி வெண்மதி அவர்களுக்கு" என்று எழுதிப் பார்த்தேன், பேனாவே சிரித்துவிட்டது. இந்த ‘நீங்கள்’ எல்லாம் எதுக்கு? மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கும்போது என் முதுகில் சாய்ந்து தூங்கினவள் நீ.

நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை படிக்கும்போது ஒரு அம்மா அயர்ன்பாக்ஸோடு வந்து, "என்னாப்பா, கண்ணு கலங்குது, சால்டரிங் புகையா?" என்று கேட்டுவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடை அதே ரிப்பேர் கடைதான். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு அறை சேர்த்திருக்கிறேன். அங்கேதான் நம்முடைய ‘ஏழாவது விண்கலம்’ இருக்கிறது. சின்ன வயசில் நாம் சேர்ந்து படித்து விளையாடின, வாரப் பத்திரிகையில் வந்த அந்தப் படக்கதையில் எந்தெந்தச் சாமான் வந்ததோ, எல்லாவற்றையும் அப்படியே செய்துகொண்டு வருகிறேன். எல்லாம் வீட்டுச் சாமான்தான். கேஸ் லைட்டர், முறுக்கு அச்சு, டார்ச் கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் கதிர்த் துப்பாக்கி. டேபிள் ஃபேன் கூண்டு இரண்டைக் கவிழ்த்து ஒட்டி, நடுவில் குக்கர் வெயிட்டைத் தொங்கவிட்டால் கோள்மானி. பழைய கொசு பேட்டில் நான் செய்த தகவல் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு வாத்தியார் சைன்ஸ் எக்ஸிபிஷனுக்குக் கேட்டார். நீ பார்த்தால் திட்டிக்கொண்டே தொட்டுப் பார்ப்பாய்.

மிக்சி விஷயத்துக்கு வருகிறேன். கொண்டு வருவேன், கவலைப்படாதே. மோட்டார் லூர்துசாமியிடம் இருக்கிறது. மைக்செட் லூர்து, ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே நட்சத்திரம் சுற்ற அதைத்தான் மாட்டியிருக்கிறான். மிக்சி மோட்டார் சுற்றுகிற வேகம் தெரியுமே, முதல் வருஷம் நட்சத்திரம் கழன்று பறந்து போய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. அப்புறம் ரெகுலேட்டர் வைத்தோம். மிக்சியின் உடம்பு நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ‘விண்கலத்தின் இயந்திர அறை’யாக இருக்கிறது. ஜாடி இரண்டும் என்னிடமே இருக்கின்றன, அவற்றில் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன். மூடியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது பெட்டி மாறின தவறுதான் மதி. இரண்டும் ஒரே அளவுப் பெட்டி. எத்தனை தடவைதான் சொல்வது?

எழில் எப்படி இருக்கும்? உன் மூக்கா, மச்சான் மூக்கா?

தாய்க்கலம் அழைக்கிறது, தளபதி. பதில் சொல்.

அண்ணன்,
செம்பியன்

*

சிதம்பரம்
29.11.2011

திரு. செம்பியன் அவர்களுக்கு,

தளபதியும் வேண்டாம், தாய்க்கலமும் வேண்டாம். அந்த விளையாட்டு முடிந்து இருபது வருஷம் ஆகிறது. நீங்கள்தான் இன்னும் அந்தப் பத்திரிகையை மூடி வைக்கவில்லை.

பெட்டி மாறிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நடந்ததை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அம்மா போய் வருஷம் திரும்பாத நேரம். அம்மா இல்லாத வீட்டிலிருந்து அண்ணன் சீர் கொண்டு வருகிறான் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு தட்டு வந்தது. பழம், பூ, வெற்றிலை, பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, நடுவில் மிக்சி பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அம்மாவே வந்த மாதிரி இருந்தது. "எங்கம்மா வாங்கினது" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னதால்தான் அத்தை, "எங்க, சம்பந்தியம்மா வாங்கின மிக்சியப் பாப்போம்" என்று பெட்டியைப் பிரித்தார்கள்.

உள்ளே ஒரு தலை. வெள்ளிப் பெயிண்ட் அடித்த தலை. காது ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக எலும்பு. "அய்யய்யோ, பேரு வைக்கிற வூட்டுல மண்ட ஓட்டக் கொண்டாந்து வச்சிட்டாங்களே" என்று அத்தை போட்ட சத்தத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை வீறிட்டது. சபையே சிரித்தது. அதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

பெட்டி மாறியிருந்தால் மறுநாளே மிக்சி வந்திருக்கும். வரவில்லை. பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று பக்கிரி அண்ணன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் லேபில் வேலை பார்க்கிறவள். தினமும் ஐம்பது பேர் ரத்தம் பார்க்கிறேன். எது கலப்படம், எது சுத்தம் என்று எனக்குத் தெரியும். உண்மையை எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள்.

வெண்மதி

*

கடலூர் முதுநகர்
11.12.2011

மதி,

பத்து நாள் எழுதவில்லை. எழுதிக் கிழித்தது ஏழு தாள்.

பெட்டி மாறவில்லை.

அம்மா போய் நாற்பது நாள் இருக்கும். வீட்டில் நான் மட்டும். அலமாரியில் மிக்சி பெட்டி. தளபதியின் தலைக்கவசம் செய்துகொண்டிருந்தேன். சின்னப் பிளாஸ்டிக் குடத்தின் அடிப்பாதியை வெட்டி, பெயிண்ட் அடித்து, எல்லாம் ஆயிற்று. காதுக்கு விட்ட ஓட்டை இரண்டிலும் மாட்ட மட்டும் ஒன்றும் அமையவில்லை. படக்கதையில் தளபதிக்கு இரண்டு காதிலும் கண்ணாடி வட்டு இருக்கும், அதில்தான் தாய்க்கலத்தின் குரல் கேட்கும். அன்றைக்குப் பெட்டியைத் திறந்தேன். ஜாடி மூடி இரண்டும் அவ்வளவு பளிச்சென்று இருந்தன. மூடிதானே, கடையில் வேறு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்தேன். அந்த மாடலே நின்றுபோயிருந்தது, மூடி எங்கேயும் கிடைக்கவில்லை. மூடி இல்லாத மிக்சியை என்ன செய்வது என்று லூர்து கேட்டபோது மோட்டாரைக் கொடுத்தேன். மோட்டார் இல்லாத உடம்பை எதுக்கு வைத்திருப்பது என்று நெல்லிக்குப்பம் வாத்தியாருக்குக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்துப் பிரிக்கச் சொல்லவில்லை. நான்தான் செய்தேன்.

நீ சீர் கேட்டபோது பெட்டி மட்டும் இருந்தது. மறுவாரம் புதுசு வாங்கிக் கொண்டு வந்து மாற்றிவிடலாம், சபையில் பெட்டியை யார் பிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் வெறும் பெட்டியைச் சீர்த் தட்டில் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லும். பிறந்த வீட்டிலிருந்து வெறும் பெட்டி போனால் புகுந்த வீடும் வெறுமையாகிவிடும் என்று சொல்லும். கல்லை வைத்துக் கட்ட மனசு வரவில்லை. வீட்டில் இருந்ததிலேயே நல்லதை வைத்தேன். எனக்கு அதைவிட நல்லது அந்த வீட்டில் வேறு எதுவும் தெரியவில்லை. நம்பினால் நம்பு.

சிரித்தேன். ஆமாம். பயத்தில் என் முகம் அப்படித்தான் போகும். அம்மாவைத் தூக்கின அன்றைக்கும் சிரித்தேன் என்று தெருவில் இன்னும் சொல்வார்கள்.

இப்போது நிலவரம். நெல்லிக்குப்பம் போய் உடம்பை வாங்கி வந்துவிட்டேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டு, அரை நாள் ஆகிவிட்டது. லூர்துவிடம் மோட்டாரைக் கேட்டேன். "மாப்ள, டிசம்பர்ல வந்து நட்சத்திரத்தக் கழட்டச் சொல்றியே, ஒனக்கே நாயமா இருக்கா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "இருபத்தஞ்சு முடியட்டும், இருபத்தாறு காலைல நானே கொண்டாந்து தரேன். எங்கம்மாகிட்ட சொல்லி ஜெபம் பண்ணச் சொல்றேன், ஒந் தங்கச்சி மனசு எறங்கணும்னு" என்றான்.

மூடி இரண்டும் அந்தத் தலைக்கவசத்தில் இருக்கின்றன. தலைக்கவசம் உன் வீட்டில்தான் விட்டுவிட்டு வந்தேன். இருந்தால் கொடுத்து அனுப்பு.

செம்பியன்

*

சிதம்பரம்
20.12.2011

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

அந்தத் தலை இங்கே இல்லை. அன்றைக்கே அத்தை தூக்கி எறியச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு எழுத வேண்டாம்.

மூடி எப்படியாவது தேடிப் பிடியுங்கள். நீங்கள் எடுத்தது, நீங்கள்தான் தேட வேண்டும்.

வெண்மதி

பி.கு. எழிலுக்கு என் மூக்குத்தான்.

*

சிதம்பரம்
31.12.2011

அண்ணா,

தாய்க்கலம் பதில் சொல். செம்பியன் இருக்கிறானா? பதில் சொல்.

நேற்றிலிருந்து உன் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். குரலைக் கேட்க மாட்டேன் என்று சொன்னதெல்லாம் போகட்டும், எந்தச் சிறுக்கி சொன்னாள் அதை! மணியே அடிக்கவில்லை. லூர்து நம்பரும் அடிக்கவில்லை. கடலூரில் புயல் நேராகக் கரையைக் கடந்ததாக ரேடியோவில் சொல்கிறார்கள். கூரையெல்லாம் பறந்ததாகச் சொல்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருக்கிறேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வார்த்தைதான் என் நெஞ்சில் நிற்கிறது.

லால்பேட்டையிலிருந்து கடலூருக்கு அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போகிறது. அதில் போகிற பாய் ஒருவர் இவருக்குத் தெரிந்தவர். "இன்ஷா அல்லா, ஒங்க அண்ணன் கையிலயே குடுக்குறேம்மா" என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அவர் வந்து வாங்கிப் போக இன்னும் கால் மணி இருக்கிறது, அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைக்கவசம் இங்கேதான் இருக்கிறது. பொய் சொன்னேன். அத்தை அதைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். போன வருஷம் பரண் சுத்தம் பண்ணும்போது எழில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு எல்லாம். சாப்பிட, விளையாட, தூங்க அதைப் போட்டுக்கொண்டுதான். பெரிசாக ஆடுகிறது என்று உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். "மண்ட ஓட்டுத் தொப்பி" என்று அத்தையே இப்போது தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். உனக்குத் தெரியக்கூடாது என்று இருந்தேன். தெரிந்தால் நீ சிரிப்பாய்.

நேற்றுக் காலை காற்று கதவைப் பிடித்து உலுக்கினபோது நாங்கள் எல்லாரும் அழுதோம். எழில் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. தொப்பியில் முகத்துக்கு முன்னால் வைத்திருந்த அந்தக் கறுப்புக் கண்ணாடியை நான் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். எக்ஸ்ரே பிலிம். லேபில் வேலை பார்க்கிறவள், இத்தனை நாளாக அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஓரத்தில் எழுத்து இருந்தது. ரத்தினம்மாள், பெ, 56.

அம்மாவின் நெஞ்சு. அதன் வழியாக என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேணும் என்று வைத்தாயா, தெரியாமல் வைத்தாயா? எழுது. எழுத நீ இருக்க வேண்டும்.

மேலே அண்ணா என்று எழுதிவிட்டேன். இங்க் பேனா, அழிக்க முடியாது.

மதி

*

கடலூர் முதுநகர்
8.1.2012

மதி,

இருக்கிறேன். கை கால் எல்லாம் இருக்கின்றன. நெற்றியில் மட்டும் மூன்று தையல், ஓட்டுச் சில்லு பட்டது.

பாய் உன் கடிதத்தை நெஞ்சுப் பாக்கெட்டில் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தார். கூடவே அஞ்சு கிலோ அரிசி. கடை வாசலில் வேப்பமரம் குறுக்கே கிடந்தது, அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இங்க செம்பியன்னு யாருங்க?" என்று கூப்பிட்டார். மரத்தில் ஏறித் தாண்டித்தான் வாங்கினேன்.

பின்பக்க அறை போய்விட்டது. ஷீட்டெல்லாம் எங்கே பறந்தது என்றே தெரியவில்லை. ஏழாவது விண்கலமும் போய்விட்டது. கோள்மானியின் ஒரு கூண்டு மட்டும் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. ஆறு வருஷ வேலை. பரவாயில்லை, ஊரில் வீடே இல்லாமல் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர். முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்துபோய்க் கிடக்கின்றன, பார்க்க முடியவில்லை.

லூர்து சொன்ன சொல் தவறாமல் இருபத்தாறு காலையிலேயே மோட்டாரைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டான். இரண்டு நாளில் மிக்சியைப் பூட்டிவிட்டேன். காற்று வந்தபோது அதை இட்லிக் குண்டானுக்குள் வைத்து, மடியில் கட்டிக்கொண்டு, வேலை செய்யும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். வேறு எதையும் எடுக்கத் தோன்றவில்லை. மிக்சிக்கு ஒரு கீறல் இல்லை. ஓடுகிறதா என்று பார்க்கத்தான் கரண்டு இல்லை. கம்பம் எல்லாம் விழுந்து கிடக்கிறது, வெளியூரிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே கேட்டாய். முதலில் ஒன்றும் நினைத்து எடுக்கவில்லை. வீட்டில் இருந்த கறுப்பு பிலிம் அது ஒன்றுதான். வெட்டும்போதுதான் பேரைப் பார்த்தேன். கத்தரி நின்றுவிட்டது. அப்புறம் பேர் போகாமல் ஓரமாக வெட்டினேன். சீர்ப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது, பேத்தியைப் பார்க்காமலே போய்விட்டாளே, இதன் வழியாவது பார்க்கட்டும் என்று தோன்றியது. அன்றைக்குச் சபையில் இதைச் சொல்லியிருக்கலாம். வாயில் சிரிப்புத்தான் வந்தது.

இனி மூடி விஷயம். பாண்டிச்சேரி வரை லூர்துவை அனுப்பிப் பார்த்தேன், அந்த மாடல் மூடி இல்லவே இல்லை. இருக்கிற இரண்டும் எழில் தொப்பியில் இருக்கின்றன. அதைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக் கொண்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு சாமான் நான் செய்தது என்றால் அது எனக்குப் போதும்.

ஆனால் மூடி இல்லாமல் மிக்சி முழுசு இல்லை. நீ போட்ட நிபந்தனை நியாயமானது. மூடி இல்லாமல் ஓட்டினால் சட்னி கூரையில்தான் இருக்கும், அது அரை மிக்சிதான். அதனால் பக்கிரியையே உட்கார வை. நான் மிக்சியைக் கொண்டு வந்து தட்டில் வைத்துவிட்டு, கோயிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். கோபமாக எழுதவில்லை மதி, நிஜமாகத்தான்.

உன் அண்ணன்,
செம்பியன்

*

சிதம்பரம்
17.1.2012, காணும் பொங்கல்

அண்ணா,

உனக்கு மூளை என்று ஒன்றைக் கடவுள் வைத்தாரா, இல்லை அதையும் பிரித்து யாருக்காவது கொடுத்துவிட்டாயா?

இரண்டு பிளாஸ்டிக் மூடிக்காக மடியை விட்டுக்கொடுக்கிறானாம். வெளியே நின்று பார்ப்பானாம். நீ என்ன கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவனா? உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "ஒங்கண்ணன் மொகத்துல சிரிப்பும் தப்பா வருது, பெருந்தன்மையும் தப்பா வருது" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு இங்கே வேறு கவலை. காது குத்து என்று சொன்னதிலிருந்து உன் மருமகள் தொப்பியைக் கழற்றுவதே இல்லை. குளிக்கக்கூட ஒரே ரகளை. "தொப்பியக் கழட்டுனா ஆசாரி குத்துவாரு" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காது இரண்டும் அந்த மூடிகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன. கிலுகிலுப்பை, சாக்லேட், அடி எல்லாம் பார்த்தாயிற்று. "தொப்பியோட குத்தச் சொல்லு" என்கிறாள். தொப்பியோடு எப்படியடி குத்துவது என்று நானும் அத்தையும் முட்டிக்கொண்டு நின்றோம்.

நேற்று மாட்டுப் பொங்கலன்றைக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் பக்கத்தில் கிடந்தது. மூடி வேண்டும் மிக்சிக்கு. காது வேண்டும் ஆசாரிக்கு. ஒரு மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ. கழற்றினால் மூடி உனக்கு, ஓட்டை வழியே காது ஆசாரிக்கு, தொப்பி தலையிலேயே இருக்கும். இது தோன்றாமல் இத்தனை நாள் யோசித்திருக்கிறோம் நாம் எல்லாரும்! நான் சத்தம் போட்டுச் சிரித்ததைப் பார்த்து அத்தை, "என்னாடி, ஒங்க அண்ணன் வியாதி ஒனக்கும் வந்துடுச்சா" என்று கேட்டார்கள்.

எழிலிடம் சொன்னேன். "தொப்பி அப்பிடியே இருக்கும், காதுல இருக்கிற மூடிய மட்டும் தொறப்பாங்க" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "யாரு தொறப்பாங்க?" என்றாள். "அதச் செஞ்ச மாமா" என்றேன். "அப்போ சரி" என்றாள்.

நானே கழற்றி அனுப்பிவிடலாம் என்று இவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து முயற்சி பண்ணினேன். ஒரு சுற்றுக்கூட அசையவில்லை. அப்படி முறுக்கி வைத்திருக்கிறாய். உன் கை முறுக்கினது, உன் கைக்குத்தான் கழலும் போலிருக்கிறது. மாசி பதினாலு, காலை எட்டு மணிக்கு, அய்யனார் கோயில். வந்து உட்கார். பிள்ளையை மடியில் வை. உன் கையால் கழற்று.

பக்கிரி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அப்பாடா, என் வேட்டி பொழச்சிது" என்றார்.

மதி

*

கடலூர் முதுநகர்
23.1.2012

மதி,

கார்டுதான் கிடைத்தது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சின்ன சைஸ். எடுத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன். இன்றைக்கு எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. மிக்சியைப் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா உனக்கு வாங்கினது, முதலில் நீதான் போட வேண்டும்.

புது வேட்டி எடுத்திருக்கிறேன். நனைந்தால் நனையட்டும்.

செம்பியன்

*

சிதம்பரம்
1.3.2012

அண்ணா,

இனி போன் பண்ணலாம். சபதம் எல்லாம் அய்யனார் சன்னதியிலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் இந்த ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய்.

நீ ஊருக்குப் போனதிலிருந்து எழில் உன்னை மாதிரியே உட்கார்ந்து காட்டுகிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அசையாதீங்க தளபதி, தாய்க்கலம் பேசுது" என்று சொல்லிக்கொண்டே கடைசி ஸ்க்ரூவை எடுத்தாயே, அதே மாதிரி. ஆசாரி குத்தினபோது அவள் அழுதது ஒரே ஒரு கத்தல். அதற்கு முன்னாலேயே நீ அழ ஆரம்பித்துவிட்டாய். அத்தை இங்கே எல்லாரிடமும் அதையே சொல்கிறார்கள்: "காது குத்துனது மருமவளுக்கு, ஒப்பாரி வச்சது மாமங்காரன்." சிரிக்கவில்லை பார்த்தாயா, இந்தத் தடவை சரியான முகம் வந்தது உனக்கு.

சீர்த் தட்டில் நீ பெட்டியை வைத்தபோது அத்தை பிரித்தார்களே, நான் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே மிக்சி இருந்ததும், மூடி இல்லாத ஜாடிகளைப் பார்த்துச் சபை முணுமுணுத்ததும், கழற்றின மூடியை நீ உன் புது வேட்டியில் துடைத்து ஒவ்வொன்றாகப் பூட்டினதும் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு தட்டில் வைத்த சீர் சபையிலேயே முழுசானதை யாரும் பார்த்ததில்லையாம்.

இன்றைக்குக் காலை ஆறு மணிக்குக் கரண்டு போகிற முறை, எட்டுக்குத்தான் வரும். வரும் வரை மிக்சிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், கொஞ்சம் இஞ்சி. எட்டு மணிக்குக் கரண்டு வந்தது. போட்டேன். என்ன சத்தம் அண்ணா! அம்மா தினமும் எடுத்துத் துடைத்து வைப்பாளே தவிர, ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. அவள் வாங்கின மிக்சியின் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. நான் கேட்டேன். மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அந்த மூடியில் உன் ஸ்க்ரூ ஓட்டை இரண்டு இருக்கிறதே, அதை அடைக்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டு ஓட்டை வழியாகவும் சட்னி பீச்சி அடித்து, சுவரில், காலண்டரில், என் கண்ணாடியில், தொப்பி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்த எழில் முகத்தில் என்று எல்லா இடத்திலும். அம்மாவின் எக்ஸ்ரே மேலேயும் ஒரு சொட்டு. எழில் அதை விரலால் வழித்து நக்கிவிட்டு, "மாமா சட்னி" என்றாள்.

அத்தை சுவரைத் துடைக்க விடவில்லை. "இருக்கட்டும்டி, ஒங்க அண்ணன் சீரு இப்பத்தான் வூட்டுல ஒட்டிச்சு" என்கிறார்கள்.

அந்த ஓட்டையை இவர் எம்-சீல் போட்டு அடைக்கிறேன் என்று வந்தார். நான் கொடுக்கவில்லை. போட்டவன் கைதான் அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை விரலை வைத்துப் பொத்திக்கொண்டு அரைத்துக்கொள்கிறேன்.

எப்போது வருகிறாய்?

மதி